டீச்சர் செய்த கீஷ்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் எட்டேகால் வண்டியில், மகளிர் பெட்டியில், பதினாறு வருடங்கள் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். அவர் நுங்கம்பாக்கத்தில் இறங்குவார். அங்கே ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. நான் கடைசி நிலையம் வரை போவேன். கடற்கரை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. என்னைவிட நாலு வயது பெரியவர். நான் டீச்சர் என்று கூப்பிடுவேன். அவர் என்னை 'ஏம்மா' என்பார்.

வண்டி தாம்பரத்திலேயே புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும். யார் முதலில் வந்தாலும் ஜன்னல் ஓரம் கைப்பையை வைத்து இன்னொருவருக்கு இடம் பிடித்துவிடுவோம். பெட்டிக்குள் ஒருத்தி பீன்ஸ் நறுக்குவாள், ஒருத்தி தலை பின்னுவாள், பூக்காரம்மா ஒருவர் கதவோரம் உட்கார்ந்து முல்லை கட்டிக்கொண்டே வருவார். மாம்பலம் தாண்டுவதற்குள் என் டிபன் டப்பா திறந்துவிடும். டீச்சர் காலையில் வீட்டில் சாப்பிடாமல் ஓடிவருகிறவர். என் இட்லியில் இரண்டு அவருக்கு என்பது கணக்காகவே ஆகிவிட்டது. மிளகாய்ப்பொடியில் புரட்டிய இட்லி என்றால் மூன்று.

அவருடைய டப்பாவை அவர் என்னிடம் நீட்டியதில்லை. எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை என்று அவருக்குத் தெரியும். நானும் கேட்டதில்லை. இப்படியே பதினாலு வருடம் போயிற்று. இதில் ஏதோ ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு திங்கட்கிழமை வண்டியில் ஏறியதும் டீச்சர் என் காதருகே குனிந்து, "எங்க வீட்டுக்கு அவன் வந்துட்டான்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. "யாரு டீச்சர்?"

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கேக் சுடுற அவன்மா. கரண்ட்ல சுடுறது."

அன்றிலிருந்து வண்டியில் அவன் பேச்சுதான். பிஸ்கட், பன், பைனாப்பிள் கேக் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டு மறுநாள் காலையில் விவரம் சொல்வார். அவருடைய தங்கை பாண்டிச்சேரியில் இருந்தார். அங்கே போன இடத்தில் டீச்சர் ஒரு பேக்கரியில் கீஷ் என்று ஒன்று சாப்பிட்டுவிட்டு வந்து அதையே பேசிக்கொண்டிருந்தார்.

"மைதாவுல ஓரம் வெச்ச தட்டு மாதிரி பண்ணி, உள்ள வதக்கின வெங்காயம், கேரட், கீரை எல்லாம் போட்டு, அது மேல முட்டையும் பாலாடையும் அடிச்சு ஊத்தி சுடணும். கேக் மாதிரி வெட்டித் திங்கலாம். ஆனா உப்பு."

பூக்காரம்மா தலை நிமிர்ந்தார். "இன்னாம்மா பேரு சொன்ன? கீஷா? அதுல இன்னா கீது?"

"முட்டை கீது" என்றார் டீச்சர். சுற்றி இருந்த எல்லோரும் சிரித்தோம்.

"அப்ப எனக்கு இல்ல" என்றேன் நான். சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன். டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். முட்டை இல்லாமல் அதை எப்படி உறைய வைப்பது என்பது அறிவியல் டீச்சருக்குப் பெரிய கேள்வியாகப் போய்விட்டது.

அடுத்த மூன்று வாரம் அவர் வீட்டில் அதே வேலைதான் நடந்தது. முதல் தடவை சோளமாவைப் பாலில் கரைத்து ஊற்றினார். கூழ் மாதிரி இருந்ததாம், அவர் வீட்டுக்காரர் ஸ்பூன் கேட்டாராம். இரண்டாவது தடவை கடலைமாவு. "நல்லா நின்னுச்சு. ஆனா கண்ண மூடிக்கிட்டு தின்னா பஜ்ஜி" என்றார். மூன்றாவது தடவை பனீரைப் பாலும் கெட்டித் தயிரும் விட்டு மிக்சியில் அரைத்து, அதில் இரண்டே ஸ்பூன் கடலைமாவு மட்டும் சேர்த்தார். அந்தத் தடவை கத்தியை விட்டு எடுத்தால் கத்தியில் ஒன்றும் ஒட்டவில்லை என்று, பேப்பர் திருத்தும் சிவப்புப் பேனாவைக் கத்தி மாதிரி பிடித்துக் காட்டினார். வெங்காயம் எவ்வளவு நேரம் வதக்க வேண்டும், எந்த நிறத்தில் நிறுத்த வேண்டும், எல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

பிறகு ஒரு நாள் காலையில் என் மடியில் ஒரு டப்பாவை வைத்தார். இன்னும் சூடாக இருந்தது.

"உனக்கு. புதுசா ஒரு தட்டு வாங்கினேன்மா. அதுல முட்டை பட்டதே இல்ல. அவனையும் நல்லா தொடச்சுட்டுதான் வெச்சேன்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சந்தோஷமாக ஏதோ சொன்னேன். நிஜமாகவே சந்தோஷம்தான். மத்தியானம் சாப்பிடுகிறேன் என்று பையில் வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் அலுவலகத்தில் டப்பாவைத் திறந்தேன். நாலு துண்டுகள், முக்கோணமாக, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் நடுவில் தாள் வைத்து அடுக்கியிருந்தார். மேலே பழுப்புப் புள்ளிகள். வெட்டிய பக்கத்தில் கேரட்டும் கீரையும் குடைமிளகாயும் தெரிந்தன. ஆனால் நிறம் மஞ்சள். லேசாக மஞ்சள்தூள் சேர்த்திருப்பார் போல. பார்ப்பதற்கு அப்படியே ஆம்லெட். நான் ஆசாரம் பார்க்கிறவள் இல்லை என்றுதான் அதுவரை என்னைப் பற்றி நினைத்திருந்தேன். டீச்சர் பொய் சொல்லமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு துண்டை எடுத்து வாய்வரை கொண்டுபோனேன். கடிக்க முடியவில்லை. துண்டைத் திரும்ப வைத்துவிட்டேன்.

பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவளிடம் டப்பாவைத் தள்ளினேன். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். "பசங்களுக்கு எடுத்துட்டுப் போறேன் மேடம், டப்பாவ நாளைக்குத் தரேன்" என்றாள்.

மறுநாள் காலையில் டீச்சர் எனக்கு முன்பே வந்து இடம் பிடித்திருந்தார். உட்காரக்கூட விடவில்லை. "சொல்லு, எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய்க்கு ஒரு சாட்சி வேண்டும் என்று தோன்றியது போலிருக்கிறது. "அந்த வெங்காயம் இருக்கே, நல்லா வதங்கி, லேசா இனிச்சுக்கிட்டு... அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சுது."

டீச்சர் என் முகத்தையே பார்த்தார். "அப்படியா" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் போயின. தூக்கம் வருகிறது போல என்று நினைத்தேன்.

அலுவலகத்தில் அவள் டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள். "சூப்பர் மேடம். வெங்காயம், பூண்டு எதுவுமே போடாம இவ்ளோ ருசியா எப்படி செஞ்சாங்க?"

அது புரட்டாசி மாதம். புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் வெங்காயம், பூண்டு கிடையாது. வருடா வருடம் அந்த மாதம் நான் கொண்டுவரும் சட்னி ருசி மாறுவதை வைத்தே டீச்சர் கண்டுபிடித்துவிடுவார். எனக்காக அதையும் யோசித்து, வெங்காயத்தை விட்டுவிட்டுச் செய்திருக்கிறார். என் விரதம் அவருக்கு நினைவிருந்தது. வாயைத் திறந்து அளந்தபோது எனக்கே அது நினைவில்லை.

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் எப்படி அவர் முகத்தைப் பார்ப்பது என்று இருந்தது. ஆனால் மறுநாளும் டீச்சர் இடம் பிடித்து வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் காலாண்டுப் பரீட்சை பற்றிப் பேசினார். கழுவிய டப்பாவைக் கொடுத்தபோது, "இருக்கட்டும்மா" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மாம்பலத்தில் நான் என் டிபனைத் திறந்து நீட்டினேன்.

"இன்னிக்கு வயிறு சரியில்லம்மா" என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு வயிறு சரியாகவே இல்லை. இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். ஒரு சண்டை கிடையாது, ஒரு கடுமையான வார்த்தை கிடையாது. என் இட்லியை மட்டும் அவர் தொடவில்லை. அவன் பேச்சும் நின்றுபோயிற்று. நானாகச் சொல்லியிருக்கலாம். தினமும் தாம்பரத்தில் ஏறும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். நுங்கம்பாக்கத்தில் அவர் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஓய்வு பெற்றதும் டீச்சர் ஊரப்பாக்கத்தில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு போனார். வீட்டுப் பிரதிஷ்டைக்கு ஜெபக் கூட்டம், மதியச் சாப்பாடு என்று அட்டை கொடுத்து அழைத்தார். "உனக்குத் தனியா சைவம் சொல்லியிருக்கேன்" என்றார். அன்று காலை நல்ல மழை. முடிச்சூர் பக்கம் தண்ணீர் நிற்கிறது என்று யாரோ சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். ஊரப்பாக்கத்துக்குப் போக முடிச்சூர் வழியாகப் போக வேண்டியதே இல்லை. ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன். அந்த மூன்று ஸ்டேஷன் தூரத்தை நான் ஏழு வருடம் போகவில்லை.

இப்போது நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். மாடம்பாக்கத்தில் எங்கள் வீடு. மகன் போன தீபாவளிக்கு ஒரு அவன் வாங்கிக் கொடுத்தான். பெட்டியைப் பிரித்ததும் மற்றவர்கள் பீட்சா என்றார்கள், கேக் என்றார்கள். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

டீச்சர் சொன்னது ஒவ்வொன்றும் ஞாபகத்தில் இருந்தது. வெண்ணெய் ஜில்லென்று இருக்க வேண்டும், மாவில் அதை விரல் நுனியால் மட்டும் உதிர்க்க வேண்டும், உள்ளங்கைச் சூடு படக்கூடாது. நம் ஊர் வெயிலில் வெண்ணெய் கையில் எடுப்பதற்குள் உருகுகிறது. மைதாவையும் பாத்திரத்தையும் சேர்த்தே ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், மாவைப் பிசையாமல் ஒன்றுசேர்த்துத் தட்டில் பரப்பினேன். பனீர், பால், தயிர், இரண்டு ஸ்பூன் கடலைமாவு. பீன்ஸ், கேரட், பாலக்கீரை. வெங்காயம் போடவில்லை. புரட்டாசி இல்லைதான். போட மனம் வரவில்லை.

முதல் தடவை அடி வேகவே இல்லை. மேலே நன்றாக நின்றது, அடியில் மாவு சொதசொதவென்று பல்லில் ஒட்டியது. இரண்டாவது தடவை சூட்டைக் கூட்டினேன். ஓரம் கருகி, அடி அப்படியே இருந்தது.

என் கணவர் இரண்டையும் குறை சொல்லாமல் சாப்பிட்டார். மூன்றாவதைச் சாப்பிடும்போது கேட்டார், "நீ ஏன் சாப்பிட மாட்டேங்கற?"

"சரியா வரட்டும்."

"யாருக்குச் செஞ்சு பாக்கற இத?"

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, வெங்காயம், மழை எல்லாம். கேட்டுவிட்டுச் சாப்பிடுவதை நிறுத்தினார். "அட பாவமே" என்றார். பிறகு, "போயி பாத்துட்டு வா. போன்ல எல்லாம் வேணாம்" என்றார்.

நாலாவதும் அடி முழுதாக வேகவில்லை. இருந்தாலும் அதையே டப்பாவில் வைத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் செங்கல்பட்டு வண்டி ஏறினேன். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. இறங்கியபோது எனக்குக் கோபம் வந்தது, இவ்வளவுதானா என்று.

பழைய அழைப்பு அட்டையில் தெருப்பெயர் இருந்தது. அதில் போட்டிருந்த சர்ச் எங்கே என்று கேட்டுக் கேட்டுப் போய், அதற்குப் பின் தெருவில் வீட்டைக் கண்டுபிடித்தேன். இளம்பச்சை வீடு. வாசலில் செருப்புகள், சின்னப்பிள்ளை சைக்கிள். மணி அடித்ததும் முப்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள்.

"டீச்சரா? அவங்க இங்க இல்லீங்கம்மா. சார் தவறினதும் பையன் ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. மூணு வருஷம் ஆகப்போவுது. நாங்க வாடகைக்கு இருக்கோம்."

டீச்சருடைய கணவர் இறந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. ஸ்பூன் கேட்டாரே, அவர்தான். நான் நின்ற நிலையைப் பார்த்து அந்தப் பெண் நாற்காலி எடுத்துப்போட்டாள், தண்ணீர் கொண்டுவந்தாள். டப்பாவை அப்படியே திரும்பத் தூக்கிக்கொண்டு போக எனக்கு மனமில்லை. பாதியை அவளிடம் கொடுத்தேன். என்ன, ஏது, யார் செய்தது என்று எதுவும் கேட்கவில்லை. ஒரு துண்டை அங்கேயே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "நல்லாருக்குங்கம்மா" என்றாள். அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது அது.

டீச்சருடைய ஆஸ்திரேலியா நம்பரை அவள் என் போனில் போட்டுக் கொடுத்தாள்.

ஊரப்பாக்கம் பிளாட்பாரத்தில் நிழலாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். தாம்பரம் வண்டிக்கு இன்னும் அரைமணி இருந்தது. அங்கே இப்போது இரவு சாப்பாட்டு நேரம் இருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு அழைத்தேன்.

"யாரு?"

"டீச்சர், நான்தான். எட்டேகால் வண்டி."

"ஏம்மா" என்றார். குரல் மெலிந்திருந்தது.

சாரைப் பற்றிக் கேட்டேன். சொன்னார். உடம்பு எப்படி என்றார். சர்க்கரை என்றேன். அவருக்கு முழங்கால். இதெல்லாம் முடிந்து பேச்சு நின்றபோது சொல்லிவிட்டேன்.

"டீச்சர், அன்னிக்கு நான் அத சாப்பிடல. பயந்துட்டேன். ஆபீஸ்ல ஒருத்திக்குக் குடுத்துட்டேன்."

"தெரியும்மா. வெங்காயம்னு சொன்னியே, அப்பவே தெரியும்."

"ஏன் டீச்சர் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டுட்டு? மறுநாள் நாம எங்க உக்காருறது?"

அவரே தொடர்ந்தார். "சாப்பிடாதது கூட பரவால்ல. என்னால முடியல டீச்சர்னு சொல்லியிருந்தா, சரி போன்னு சிரிச்சிருப்பேன். என்கிட்ட பொய் சொன்னியே, அதுதான். ரொம்ப நாள் மனசுல கெடந்துச்சு. இட்லியெல்லாம் வேணும்னேதான் வேணாம்னேன். அதுவும் தப்புதான். அந்த மிளகாப்பொடி இட்லிக்கு எத்தன நாள் ஏங்கியிருக்கேன் தெரியுமா?"

நான் பிளாட்பாரம் என்றும் பார்க்காமல் அழுதேன். அவர் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு எப்போதும்போல டீச்சராகிவிட்டார். "இப்ப எங்க இருக்க? என்ன சத்தம்?" என்றார். ஊரப்பாக்கம் வந்த கதையை, டப்பாவை, வேகாத அடியை எல்லாம் சொன்னேன்.

"வெறும் மாவ முதல்ல தனியா வேக வெச்சியா?"

"இல்லையே."

"அத நான் உனக்குச் சொல்லலையா? மாவ தட்டுல பரப்பினதும் மேல ஒரு தாள் போட்டு, ரெண்டு கை நெறய கொண்டக்கடல கொட்டி, கால்மணி நேரம் வேக வெக்கணும். அப்பதான் மாவு உப்பாது. அப்புறம் கடலைய எடுத்துட்டு உள்ள ஊத்து. பச்ச மாவுல ஈரத்த ஊத்துனா எப்படிம்மா வேகும்?"

வண்டி வந்தது. அவர் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. வண்டலூர் தாண்டும்போது, டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டேன். அடி மாவு மாவாக இருந்தது. நடுவில் கீரையும் பனீரும் சேர்ந்து, லேசாகப் புளித்து, மிருதுவாக இருந்தது. ஆம்லெட் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இது பால்கொழுக்கட்டைக்கு உப்புப் போட்டது மாதிரி இருந்தது. அப்படியே அவரிடம் சொன்னேன். அவருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சர்ச்சுக்குப் போய்வந்து என்னை அழைப்பார். பொங்கலுக்கு வருவதாகச் சொன்னார். பேரனுக்கு உடம்பு சரியில்லாமல் போய் டிக்கெட்டை ரத்து செய்தார்கள். அங்கே ரயிலில் யாரும் யாரோடும் பேசுவதில்லையாம், ஆளாளுக்கு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். போனில் பேசுவது எனக்குப் போதவில்லை. போன் என்றால் வீடியோவில் முகத்துக்கு நேராகப் பேச வேண்டியிருக்கிறது. எங்களுக்குப் பழக்கம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி பேசுவது.

அந்த ஊரப்பாக்கத்துப் பெண்ணின் பிள்ளைகள் அன்று கொடுத்ததைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். செய்யக் கற்றுக்கொடுங்கள் என்று கூப்பிட்டாள். போன சனிக்கிழமை காலையில் போனேன். டீச்சருடைய சமையலறைக்குள் அன்றுதான் முதன்முதலாக நுழைந்தேன். சின்ன அறை. கிழக்கே ஜன்னல். நல்ல வெளிச்சம். கொண்டைக்கடலையைக் கொட்டி மாவை வேக வைத்துவிட்டு, வீடியோவில் டீச்சரை அழைத்தேன்.

அவர் மாவைப் பார்த்தார். சரியாக இருக்கிறது என்றார். அந்தப் பெண்ணிடம் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். பிறகு, "ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பிக் காட்டும்மா" என்றார்.

திருப்பினேன். பின்பக்கம் சுவரோரம் ஒரு கொய்யா மரம், கொடியில் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

"கொய்யா இவ்ளோ ஒசரம் வந்துருச்சா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நானும் போனைத் திருப்பவில்லை. கை வலித்தது. இன்னொரு கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டு அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.